சாகாத செல்களைத் தேடிப் போன மேகலாவுக்கு

என் அன்பு மேகலா,

நீ இருந்தவரை நான் உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாய், வராவிட்டால் போனில் சத்தம் போடுவேன், அவ்வளவுதான். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

மத்தியானம் கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் மாணவி ரஹீமா போனில் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, வெளிநாட்டுல ஒரு லேப்ல நம்ம பரிசோதனைய அவங்களே தனியா செஞ்சு பாத்திருக்காங்க. நமக்கு வந்த ரிசல்ட்தான் அவங்களுக்கும் வந்திருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

நீயாக இருந்தால் முதலில் எதைக் கேட்டிருப்பாயோ அதையே நானும் கேட்டேன். "சீரம் லாட் மாத்திப் பாத்தாங்களாமா?" அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "மாத்தி மாத்திப் பாத்துட்டாங்க ஆன்ட்டி. அதே ரிசல்ட்தான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன என்ன என்று கேட்டார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது? இந்தக் கடிதத்தை அவர்களுக்கும் படிக்கக் கொடுக்கப்போகிறேன். உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் சொல்வேன், பொறுத்துக்கொள்.

அச்சரப்பாக்கத்தில் நெல் விளைவிக்கிற உங்கள் வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது நீ கல்லூரியில் கடைசி வருடம். நாத்தனார் இருக்கிற வீடு, பார்த்து நடந்துகொள் என்று என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். நீயோ முதல் வாரமே ஒரு படத்தை விரித்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "தோல் கிழிஞ்சா முளைச்சுடும் அண்ணி. நரம்பு செல் அப்படி இல்ல. பொறக்கும்போது வந்ததுதான் கடைசி வரைக்கும். செத்தா செத்ததுதான்" என்றாய். இதை ஒரு புதுப்பெண்ணிடம் சொல்வார்களா? ஆனால் அன்றே எனக்கு உன்னைப் பிடித்துவிட்டது.

நீ மேலே படித்தாய், வெளிநாட்டில் சில வருடம் இருந்தாய், திரும்பி வந்து கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தாய். கல்யாணம் வேண்டாம் என்றாய். நான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கார்களுக்கு ஒயர் கட்டுத் தயாரிக்கும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் கறி நறுக்கிக்கொண்டே அவரவர் வேலையைப் பற்றிப் பேசுவோம். உன் அண்ணன் கேட்டுவிட்டு, "இவளுங்க இன்னா பாஷ பேசறாளுங்கன்னே தெரியல" என்பார்.

உன் வேலை எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கை காலை அசைக்கச் சொல்லும் நரம்புச் செல்கள் முதுகுத்தண்டில் இருக்கின்றன. சிலருக்கு அவை ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பிக்கும். முதலில் சட்டைப் பட்டன் போட வராது. பிறகு கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும். மருந்து இல்லை. நீ எலியின் செல்களை எடுத்துத் தட்டில் வளர்த்து, எதைக் கொடுத்தால் அவை சாகாமல் இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஒரு பொருளைக் கொடுத்தபோது சாகவேண்டிய செல்கள் சாகவில்லை. அதைக் கட்டுரையாக எழுதினாய். அது வெளியானதும் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். நீ எத்தனையோ தரம் "இது மருந்து இல்லீங்க" என்று சொல்லியும் அவர்கள் மருந்து என்றே போட்டார்கள்.

அந்தச் செய்தியைப் பாலிதீன் கவரில் மடித்து வைத்துக்கொண்டு, விசாரித்து விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள் தேசிங்கு அண்ணனும் அவர் மனைவி பச்சையம்மாவும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தார்கள். அவர் படகு எஞ்சின் மெக்கானிக். ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போய், இந்த நோய் என்று தெரிந்துகொண்டவர். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துத்தான் அவரால் குடிக்க முடிந்தது.

"இன்னாம்மா, நீதான் அந்த டாக்டரா?" என்று கேட்டார்.

"டாக்டர் இல்லண்ணே. ஆராய்ச்சி பண்றவ. தட்டுல வச்ச எலி செல்லுலதான் பாத்திருக்கேன். மனுசனுக்கு வர்றதுக்கு வருசக்கணக்கா ஆவும்."

"ஆவட்டும். வரும் இல்ல?"

நீ தயங்கினாய். பச்சையம்மா உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வரும்னுதான் நெனைக்கறேன்" என்றாய். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு அவர்கள் பஸ் ஏறினார்கள்.

அதற்குப் பிறகு சில மாதங்களில் நீ இளைத்துப்போனாய். அதே பரிசோதனையைத் திரும்பச் செய்தால் அதே பலன் வரவில்லை என்றாய். தட்டுகளை மாற்றினாய், எலிகளை மாற்றினாய், ரஹீமாவைச் செய்ய வைத்துப் பார்த்தாய். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான், எங்கள் கம்பெனி லைனில் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"லாட் நம்பர் பாத்தியா?"

"எதோட லாட் நம்பர்?"

"எனக்கு இன்னா தெரியும்? எங்க லைன்ல திடீர்னு ரிஜெக்ட் ஏறினா மொதல்ல ஒயர் எந்த லாட், அதான் எந்தத் தபா வந்த சரக்குன்னுதான் பாப்போம். நீ அந்த செல்லுக்கு சாப்பாடு எதுல போடற?"

செல்களை வளர்க்கிற திரவத்தில் சீரம் என்று ஒன்று சேர்ப்பார்கள், மாட்டு ரத்தத்திலிருந்து எடுப்பது என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். அதுவும் பாட்டிலில்தானே வரும்? நீ கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாய். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று பயந்துபோனேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு உன்னிடமிருந்து போன் வந்தது. "அண்ணி, நீங்க சொன்னது சரி. நடுவுல சீரம் மாறியிருக்கு. மருந்து போடாத தட்டெல்லாம் பழைய பாட்டில். மருந்து போட்டதெல்லாம் புது பாட்டில். செல்ல காப்பாத்தினது மருந்தே இல்ல, சீரம்தான்." உன் குரலில் அழுகை இல்லை. அது இருந்திருந்தால் எனக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

பிறகு நடந்ததை நீ பெரிதாகச் சொன்னதில்லை. ரஹீமாதான் சொன்னாள். உன் மேலதிகாரி உன்னைக் கூப்பிட்டு, "யாரும் கேக்கல. நீங்களா எதுக்குப் போய்ச் சொல்றீங்க? அடுத்த கட்டுரையில சத்தமில்லாம திருத்திக்கலாம்" என்றாராம். பாட்டிலை மாற்றியது ரஹீமா. அவள் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். நீ அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதினாய். தவறு முழுக்க என்னுடையது, சரிபார்க்கவேண்டியது நான் என்று எழுதினாய். உனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. ஒரு கருத்தரங்கில் எவனோ ஒருவன் எழுந்து, "இந்தத் தடவை பாட்டிலப் பாத்துட்டீங்களா மேடம்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தானாம். "பாத்துட்டேன் சார். நம்பர் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு நீ மேலே பேசினாயாம். அந்த இடத்தில் நான் இருந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

ஆனால் மேகலா, இதெல்லாம் உனக்குக் கஷ்டமாக இல்லை. கஷ்டமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். "தேசிங்கு அண்ணன்கிட்ட சொல்லணும் அண்ணி" என்றாய்.

போனில் சொல்லிவிடேன் என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன். செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். இறங்கி மணலில் நடந்தபோது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாய்.

அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. நீ அவர் எதிரே மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தாய்.

"அண்ணே, அன்னிக்கு நான் வரும்னு சொன்னேன். அது தப்பு. அந்த மருந்து வேலை செய்யல. நான் சரியா பாக்காம சொல்லிட்டேன். என்ன மன்னிச்சுடுங்க."

பச்சையம்மாதான் முதலில் பொங்கினாள். "இத்த சொல்றதுக்கா இம்மாந் தூரம் வந்த? சொல்லாமலே இருந்திருக்கக் கூடாதா? நம்பிக்கினாவது கெடந்திருப்போமே!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தேசிங்கு அண்ணன் ஒவ்வொரு வார்த்தையாகக் கூட்டிக் கூட்டிப் பேசினார். "பச்சைய வுடு. அது கெடக்கு. எஞ்சின ரிப்பேர் பண்ணி... குடுத்துட்டு... சரியாவலன்னு எந்த மெக்கானிக்காவது... தானா வந்து சொல்வானா? நான் சொன்னது இல்ல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இனிமே இன்னா பண்ணப் போற?"

"தெரியலண்ணே. முதல்லேருந்து பாக்கணும்."

"பாரு. என்னப் பாத்துக்கினே பாரு."

அடுத்த ஞாயிறு நம் வீட்டுக்கு வராமல் குப்பத்துக்குப் போனாய். அதற்கடுத்த வாரமும் போனாய். என்னால் முடிந்தபோது நானும் கூட வந்தேன். பச்சையம்மா முதலில் முகம் கொடுக்கவில்லை. மூன்றாவது தடவை மீன் குழம்பு ஊற்றினாள்.

ஒரு வருடத்துக்குள் அவருக்குப் பேச்சும் போயிற்று, தலையைத் திருப்புவதும் போயிற்று. கண் அசைவு மட்டும் மிஞ்சியது. படங்கள் ஒட்டிய ஓர் அட்டை செய்து எடுத்துப் போனாய். தண்ணீர் வேண்டுமானால் இந்தப் படம், திருப்பிப் படுக்கவைக்க அந்தப் படம். பச்சையம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது இன்னாத்துக்கும்மா? அவரு கண்ணு எங்கப் போவுதுன்னு எனக்குத் தெரியாதா? வாய்தான் பேசல, கண்ணு பேசிக்கினுதான் கீது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கு நடந்ததை நான் மறக்கமாட்டேன். பச்சையம்மாவின் தம்பி ஓடாத ஓர் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்துக் கயிற்றை இழுத்தார். அது இருமி இருமி நின்றது. தேசிங்கு அண்ணனின் கண் ஓரிடத்தில் போய்க் குத்தியது. "இதுவா மாமா?" கண் கீழே போயிற்று, இல்லை. "இதுவா?" கண் மேலே ஏறியது. அந்த இடத்தைக் கழற்றிப் பார்த்தால் டீசல் வரும் குழாயில் அடைப்பு. எஞ்சின் ஓடியதும் குப்பமே கைதட்டியது. நீ மட்டும் கைதட்டாமல் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "இந்த நோயில கண் தப்பிச்சுக்கும்னு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு அண்ணி. நானும் பாடமா நடத்தியிருக்கேன். ஆனா கேள்வியா கேட்டதில்ல. கைய அசைக்கற செல்லும் நரம்பு செல்தான், கண்ண அசைக்கற செல்லும் நரம்பு செல்தான். ரெண்டும் ஒரே ஒடம்பு, ஒரே ரத்தம். அது செத்துப்போச்சு, இது ஏன் சாகல? செத்தது ஏன் செத்துச்சுன்னே நான் இத்தன வருசமா பாத்துக்கினு இருந்துட்டேன்."

அதற்குப் பிறகு உன் வேலை முழுக்க அந்தக் கேள்விதான். அதற்கு எலியின் செல் மட்டும் போதாது, இந்த நோயில் இறந்தவர்களின் மூளையும் முதுகுத்தண்டும் வேண்டும் என்று நீ தேசிங்கு அண்ணனிடம் ஒளிக்காமல் சொன்னாய். எதை எடுப்பார்கள், எத்தனை மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும், உடம்பு எப்படித் திரும்பி வரும், இதனால் அவருக்கு எந்தப் பலனும் கிடையாது, எல்லாவற்றையும் சொன்னாய். அவர் கண் மேலே ஏறியது. பச்சையம்மா நம்பாமல் இன்னொரு தரம் கேட்டாள். மறுபடியும் மேலே ஏறி அங்கேயே நின்றது.

ஒரு மார்கழிக் காலையில் அவர் போனார். பச்சையம்மா சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்குத்தான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவரை எடுத்துக்கொண்டபோது நீ கைகூப்பி நின்றாய். பிறகு அவரோடு திரும்பக் குப்பத்துக்குப் போய், அடக்கம் முடிகிறவரை இருந்துவிட்டுத்தான் வந்தாய்.

அவரைப் போல இன்னும் சிலர் கொடுத்தார்கள். வருடங்கள் ஓடின. கண்ணை அசைக்கும் செல்களில் நிறையவும் கையை அசைக்கும் செல்களில் கொஞ்சமாகவும் இருக்கிற ஒரு புரதத்தை நீயும் ரஹீமாவும் கண்டுபிடித்தீர்கள். அதை அதிகமாக்கினால் எலியின் முதுகுத்தண்டுச் செல்கள் இன்னும் சில நாள் தாக்குப்பிடித்தன. நீ யாரையும் பத்திரிகையில் எழுதவிடவில்லை. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரைப் போட்டிருந்தாய். "எதுக்குடி?" என்று கேட்டதற்கு, "லாட் நம்பர் கேட்டதுக்கு" என்றாய். அந்தப் பக்கத்தை உன் அண்ணன் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார். அவருக்கு அதில் என் பெயரைத் தவிர ஒன்றும் புரியாது.

அது வெளியான வருடமே நீ போய்விட்டாய். செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே சாய்ந்தாயாம். மாரடைப்பு என்றார்கள். நாங்கள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ரஹீமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினாள். உன் கையெழுத்து. இறந்தபின் உன் மூளையையும் முதுகுத்தண்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நீயும் எழுதிக் கொடுத்திருந்தாய். நோயில்லாதவர்களுடையதும் இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும், அதைக் கொடுக்கத்தான் ஆளே வரமாட்டேன் என்கிறார்கள் என்று அவள் சொன்னாள். யாருக்குத் தகவல் சொல்லவேண்டும் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மேகலா?

உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். "என் தங்கச்சிய அறுக்கறதுக்கு நான் வுடமாட்டேன். யாரு இன்னா சொன்னாலும் வுடமாட்டேன்" என்று கத்தினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பச்சையம்மா வந்தாள். ரஹீமா சொல்லித்தான் தெரிந்திருக்கிறது, கிடைத்த ஆட்டோவில் ஏறி வந்துவிட்டாள். உன்னைப் போய்ப் பார்த்துவிட்டு நேராக உன் அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாத்த, எங்க வூட்டுக்காரர இந்தப் பொண்ணு கையிலதான் குடுத்தேன். எனக்கும் உன்ன மாதிரிதான் வயிறு எரிஞ்சுது. திருப்பிக் குடுத்தப்போ மொகம் அப்படியே இருந்துச்சு, தூங்கற மாதிரி. இது எங்ககிட்ட ஒரு பொய்யி சொன்னதில்ல. அடுத்தவங்க வூட்டு ஆள கேட்டுச்சே, தன்னுதைக் குடுக்காம போயிடுமா? அது பேச்ச காப்பாத்து அண்ணாத்த."

உன் அண்ணன் ரஹீமாவிடம் பேனா கேட்டார். அவர் கையெழுத்துப் போட, நான் தாளைப் பிடித்துக்கொண்டேன்.

உன்னுடையதற்கும் மற்றவர்களுடையதைப் போல ஓர் எண்தான் கொடுத்திருக்கிறார்கள். அது எந்த எண் என்று தெரிந்துகொள்ள ரஹீமா மறுத்துவிட்டாள். "எல்லா நம்பரையும் ஒரே மாதிரி பாக்கணும்னு மேடம் சொல்வாங்க ஆன்ட்டி. தெரிஞ்சா என்னால முடியாது" என்றாள். அவளை நீ நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய்.

இன்று வந்த செய்தி மருந்து இல்லை. அது எனக்குத் தெரியும். நீ பார்த்தது நிஜம் என்று உன்னைத் தெரியாத ஒருவர், வேறு ஊரில், வேறு கையால் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்காகத்தானே நீ அத்தனை வருடம் உழைத்தாய்? சாயங்காலம் பச்சையம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "எங்க வூட்டுக்காரருதும் அதுல கீதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். போனை வைத்துவிட்டாள். அரைமணி கழித்து அவளே கூப்பிட்டு, "இன்னொரு தபா சொல்லு" என்றாள். சொன்னேன்.

எங்கள் கம்பெனி பஸ்ஸில் வருகிற ஒருவரின் தம்பிக்கு இந்த நோய் என்று போன வாரம் தெரிந்திருக்கிறது. மதுராந்தகத்தில் இருக்கிறார். இரண்டு பெண் குழந்தைகள். பஸ்ஸில் வருகிறவர் உன் பெயரை எங்கேயோ கேட்டுவிட்டு என்னைத் தேடி வந்து, "மருந்து வந்துடுச்சாக்கா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கே வந்து அவரிடம் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பச்சையம்மாவும் வருகிறாள். வண்டி நான் எடுக்கிறேன் என்று உன் அண்ணன் தானாகவே சொன்னார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மேகலா. அந்தத் தம்பியின் எதிரில் உட்கார்ந்து, இன்னும் வரவில்லை என்றுதான் சொல்வேன். ஆறுதலுக்காகக்கூட வேறு வார்த்தை சொல்லமாட்டேன். சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடவும் மாட்டேன். அடுத்த ஞாயிறும் போவேன், அதற்கடுத்த ஞாயிறும் போவேன். அவருக்கு எது அசைகிறதோ அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் பேச்சைக் காப்பாற்றுகிற
உன் அண்ணி,
சாந்தா